தலைக்கு ஒன்றா, தடியாக ஒன்றா?

பெங்களூர் விவேக் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

விவேக் நகர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்திருக்கும் சமைப்பவர்களுக்கும், சமைத்ததைச் சாப்பிடுபவர்களுக்கும் இன்றைய பொருள் ஒன்றுதான். வீட்டில் ஸ்டேக் செய்ய எந்தக் கறி வாங்குவது, எவ்வளவு வாங்குவது, வெந்ததும் எப்படிப் பங்கு போடுவது?

இந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை காலை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. குழந்தை இயேசு திருத்தலத்தில் பூசை முடித்து வரும் கூட்டத்தில் ஒரு பகுதி அப்படியே கறிக்கடைப் பக்கம் திரும்பும். வீட்டில் ஐந்து பேர் என்றால், "ஸ்டேக்குக்கு அஞ்சு பீஸ் குடுங்க பாய்" என்று கேட்பார்கள். கடைக்காரர் விரல் தடிமன்கூட இல்லாத ஐந்து வில்லைகளை வெட்டிப் பையில் போடுவார். வீட்டுத் தோசைக்கல்லில் ஒரு சமயத்தில் இரண்டு வில்லைதான் அடங்கும். ஆக மூன்று ஈடு. முதல் ஈடு ஆறிப்போகிறது, இரண்டாவது தண்ணீர் விட்டு வேகிறது, மூன்றாவதில் மசாலா கருகுகிறது. ஐந்துமே மெல்ல மெல்லத் தீராது. ஸ்டேக் ஓட்டலுக்குத்தான் சரி என்று குடும்பம் முடிவு கட்டிவிடும்.

இங்கே சமைத்தவர் மேல் பழி போடுவது நியாயமில்லை. தலைக்கு ஒரு துண்டு என்று எண்ணி வாங்கிய கணத்திலேயே காரியம் கெட்டுவிட்டது. ஐந்து பேருக்கு 600 கிராம் என்றால், அதை ஐந்து மெல்லிய வில்லையாக வாங்கலாம், ஒரே தடித்த துண்டாகவும் வாங்கலாம். எடை ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். கல்லின் மேல் நடப்பது மட்டும் வேறு.

சூடு கறிக்குள் மெதுவாகத்தான் நகரும். தடிமன் இரண்டு மடங்கானால் நடுப்பகுதி சூடாகக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மெல்லிய வில்லையில் மேல்பக்கம் சிவக்க இரண்டு, மூன்று நிமிடம் வேண்டும், ஆனால் உள்பக்கம் ஒரு நிமிடத்திலேயே வெந்துவிடும். சிவக்கும்வரை காத்திருந்தால் உள்ளே காய்ந்துபோகும், உள்ளே பதமாக இருக்கும்போது எடுத்தால் மேலே வெளுத்துக் கிடக்கும். தடித்த துண்டில் இந்தச் சிக்கல் இல்லை. மேல்பக்கம் நன்றாகச் சிவந்த பிறகும் உள்ளே அவகாசம் மிச்சம் இருக்கும்.

இனி, பெங்களூரில் கிடைக்கும் கறி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுச் சமையல் குறிப்பை அப்படியே பின்பற்றுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கர்நாடகத்தில் 1964ஆம் ஆண்டுப் பசுவதைத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2020இல் கொண்டுவரப்பட்ட சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பசு, கன்று, காளை, எருது எதையும் வெட்டக்கூடாது, 13 வயதுக்குக் குறைந்த எருமையையும் வெட்டக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, முதல் குற்றத்துக்கு 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரை அபராதம். ஆகவே சட்டப்படி இங்கே கிடைக்கும் ஸ்டேக் 13 வயது தாண்டிய எருமையின் கறி. அமெரிக்கச் சமையல் புத்தகம் ஸ்டேக் என்று எழுதும்போது அதன் மனதில் இருப்பது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக் காளையின் கறி.

வயது ஏற ஏற, தசை நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜன் இறுகிக்கொண்டே போகும். அதை இளக்க நீண்ட நேரம் ஈரச்சூட்டில் வேகவைக்க வேண்டும். கல்லில் சில நிமிடம் வாட்டினால் அது அசையாது. கூடவே எருமைக்கறியில் சதைக்குள் ஊடுருவும் கொழுப்பு மிகக் குறைவு. அமெரிக்கர்கள் ரிப்ஐ என்று சொல்லும் விலாப்பகுதி ஸ்டேக்கைச் சாறோடு வைத்திருப்பது அந்தக் கொழுப்புதான். அந்தப் பெயரைச் சொல்லி இங்கே கேட்டு வாங்கினாலும் அந்தப் பதம் கிடைக்காது. எருமைக்கறியை அடையாளம் காண்பதும் எளிது. சதை ஆழ்ந்த சிவப்பாக இருக்கும், கொழுப்பு பால்வெள்ளையாக இருக்கும். மாடு தீவனத்திலுள்ள மஞ்சள் நிறக் கரோட்டினைக் கொழுப்பில் சேர்த்து வைக்கும். எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். எருமைப்பால் வெண்ணெய் வெளுத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

அப்படியானால் கல்லில் வாட்டத் தகுந்த பகுதி எது? கறிக்கடைப் பேச்சில் அதன் பெயர் அண்டர்கட். முதுகெலும்பின் உள்பக்கமாக, இடுப்பை ஒட்டி இரண்டு பக்கமும் ஓடும் நீண்ட தசை. உடம்பின் பாரத்தைத் தாங்கும் வேலையும் அதற்கு இல்லை, நடையிலும் பெரிய பங்கு இல்லை. அதனால் கிழட்டு எருமையிலும் மென்மையாகவே இருக்கும். ஒரு முனை பருத்து, நடுவில் சீரான உருளையாகி, மறுமுனையில் வாலாகக் கூம்பும். மேலே வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு பளபளக்கும். எவ்வளவு வாட்டினாலும் அந்தச் சவ்வு இளகாது, சூட்டில் சுருங்கித் துண்டையே வளைத்துவிடும். மெல்லிய கத்தியின் முனையைச் சவ்வுக்கு அடியில் செருகி, வாயை மேல்நோக்கிச் சாய்த்து, சவ்வை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை நகர்த்தினால் நாடா நாடாக உரிந்து வரும். கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள்.

தொடைக்கறியில் ஸ்டேக் செய்யவே கூடாதா என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது. அந்த வழி இந்த ஊரிலேயே பழகியது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது, மதராஸ் படையோடு தமிழ் பேசும் சிப்பாய்களும் வேலையாட்களும் வந்தார்கள். அவர்களின் அண்டை வீட்டாராக வளர்ந்த ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் அடுப்பில் பெப்பர் ஸ்டேக் வழக்கமானது. தட்டையாக வெட்டிய கறியைத் தட்டி மிருதுவாக்கி, மிளகு, வினிகர் புரட்டி, வெங்காயத்தோடு மூடி வைத்து மெத்தென்று ஆகும்வரை வேகவைப்பார்கள். கூட உருளைக்கிழங்கு வறுவல். கோலார் தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட் குமார் இந்தச் சமையல் மரபை வரிசையாகப் புத்தகங்களில் பதிந்து வைத்திருக்கிறார். பச்சைப் பப்பாளி விழுது உதவுவதும் இந்த மெல்லிய துண்டுகளுக்குத்தான். அதிலுள்ள பப்பெயின் என்ற நொதி கறியின் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்காது. தடித்த துண்டில் பூசினால் மேலே குழைந்து, உள்ளே பழையபடியே இருக்கும்.

ஓட்டல் ஸ்டேக் இந்த நகரத்துக்குப் புதிதில்லை. மியூசியம் ரோட்டிலுள்ள 'தி ஒன்லி ப்ளேஸ்' 1960களில் தொடங்கிய கடை. ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு துண்டு, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு என்ற காட்சியைப் பல தலைமுறைகள் இப்படிப்பட்ட கடைகளில்தான் முதலில் பார்த்தன. ஓட்டலுக்கு அந்த முறை சரி. அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை, அடுப்பில் இடத்துக்குப் பஞ்சமில்லை, துண்டும் தடியாகவே வெட்டப்பட்டிருக்கும். வீடு அதைப் பார்த்து எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டது, தடிமனை விட்டுவிட்டது.

மேற்கிலும் தலைக்கு ஒன்று என்பது எல்லா இடத்திலும் விதியில்லை. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்து ஸ்டேக் எலும்போடு மூன்று விரல் தடிமனில், ஒரு கிலோவுக்கு மேல் எடையில் வரும். விலை எடைக்குத்தான். மேசையில் வெட்டி இரண்டு, மூன்று பேர் எடுத்துக்கொள்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அண்டர்கட்டின் நடுத்துண்டை முழுதாக வாட்டி இருவருக்குப் பரிமாறுவதற்கு ஷாத்தோபிரியான் என்று பெயர். நியூயார்க் புரூக்ளினில் 1887 முதல் நடக்கும் பீட்டர் லூகர் கடையின் பட்டியலில் இருவருக்கு, மூவருக்கு, நால்வருக்கு என்றும் ஸ்டேக் இருக்கும். சமையலறையிலேயே வெட்டி அடுக்கித் தட்டில் கொண்டுவருவார்கள்.

பங்கு போட்டுத் தின்பது தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தையா? ஊரில் ஆடு அடித்தால் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் ஈரல் ஒரு துணுக்கு, எலும்பு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம், தொடைக்கறி கொஞ்சம் என்று எல்லாம் இருக்கும். ஒருவருக்கு நல்ல பகுதி முழுதும் போய்விடாது. யாழ்ப்பாணத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கிப் பிரித்துக்கொள்வதைப் பங்கு இறைச்சி என்பார்கள். அந்தக் கறியின் ருசியே தனி என்பது அங்கே பிடிவாதமான நம்பிக்கை. பக்ரீத் குர்பானியில் பெரிய கால்நடை ஒன்றில் ஏழு பேர் வரை பங்கு சேரலாம். பிறகு வீட்டுக்கு, உறவுக்கு, ஏழைக்கு என மூன்றாகப் பிரிப்பது வழக்கம். நீலசந்திராவில் அந்த நாளில் எந்தத் தெருவில் நடந்தாலும் கையில் பாத்திரத்தோடு பிள்ளைகள் வீடு வீடாக ஓடுவதைப் பார்க்கலாம்.

இவ்வளவு பழக்கம் உள்ளவர்களுக்கும் ஸ்டேக் என்றதும் கூறு மறந்துவிடுகிறது.

எவ்வளவு வாங்குவது என்ற கணக்குக்கு வருவோம். ஓட்டல் ஸ்டேக் ஒன்று பெரும்பாலும் 200 கிராமுக்கு மேல். அமெரிக்க அளவில் 8 அவுன்ஸ் என்றால் 227 கிராம், 12 அவுன்ஸ் என்றால் 340 கிராம். வீட்டில் சோறோ ரொட்டியோ, காய்கறியோ கூட இருக்கும்போது ஆளுக்குப் பச்சையாக 120 கிராம் தாராளம். வாட்டும்போது ஏறக்குறைய கால்பங்கு எடை குறையும். ஐந்து பேருக்கு 600 கிராம் வாங்கினால் வெந்தபின் 450 கிராம் வரும், ஆளுக்கு 90 கிராம். அதில் சுமார் 25 கிராம் புரதம் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதத்தில் அது பாதி.

மேல்வரம்பும் உண்டு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சிவப்பு இறைச்சியை வாரத்துக்கு மூன்று வேளைக்குள், வெந்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரித் தட்டுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்தே நாளுக்கு 85 கிராம்தான். ஆகவே ஸ்டேக் நாளை வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்காது.

முழு அண்டர்கட்டாக வாங்குவது இன்னும் நல்லது. நடுவிலிருந்து ஒரு சாண் நீளம் ஸ்டேக்குக்கு. பருத்த முனையை இன்னொரு நாளைக்கு இரண்டு கனமான வில்லைகளாக வெட்டி உறையவைக்கலாம். கூம்பிய வால் மிளகு வறுவலுக்கு. பக்கவாட்டில் ஒட்டி வரும் நாரும் கொழுப்புமான பட்டை கொத்துக்கறிக்கு. ஒரே தசையில் நான்கு சமையல் கிடைக்கும்.

வாங்கும் நாளும் முக்கியம். விடியலில் வெட்டிய கறி காலையிலேயே விற்பது நம் ஊர் வழக்கம். பிரியாணிக்கும் குழம்புக்கும் அதுதான் வேண்டும் என்று வாங்குபவர்கள் அடம்பிடிப்பார்கள். ஸ்டேக்குக்கு அது ஒத்துவராது. வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைக்கும், அந்த விறைப்பிலேயே கல்லில் போட்டால் ரப்பர்தான். நான்கு டிகிரிக்கு மேல் போகாத ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு, மூன்று நாள் வைத்தால் சதையிலுள்ள நொதிகளே நார்களைத் தளர்த்தும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஸ்டேக் என்றால் வியாழன் அல்லது வெள்ளி வாங்க வேண்டும். துடைத்து, ஒரு கம்பித்தட்டின் மேல் வைத்து, மற்ற உணவில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். முதல்நாள் இரவே உப்பைத் தடவிவிடலாம். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புநீரைச் சதை திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். முன்கூட்டியே போட மறந்தால் கல்லில் வைக்கும் நொடியில் போடுவது மேல். இடைப்பட்ட பத்து, இருபது நிமிடம் மோசமான நேரம், வெளியே வந்த நீர் அப்போது மேலேயே நிற்கும்.

கல்லில் வைப்பதற்கு முன் துண்டை மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் போக்க வேண்டும். ஈரம் இருந்தால் சூடு முழுதும் அதை ஆவியாக்கவே செலவாகும், நிறம் ஏறாது. 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினைதான் அந்தப் பொன்பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகிறது. அதற்கு 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். கனமான இரும்புத் தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் கடலை எண்ணெய் சிறிது விட்டு, துண்டை வைத்து, இடுக்கியால் நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டிக்கொண்டே இருக்கலாம். ஒருமுறைதான் திருப்ப வேண்டும் என்பது வெறும் வாய்மொழி. அடிக்கடி திருப்பினால் சீராகவும் விரைவாகவும் வேகும். மேற்புறத்தைச் சுட்டுச் சாற்றை உள்ளே பூட்டுகிறோம் என்பதும் அப்படித்தான். 1847இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் சொன்ன கருத்து அது. அது தவறு என்று ஹெரால்டு மக்கீ 1984இல் தம் புத்தகத்தில் விளக்கிய பிறகும் சமையலறைகளில் இன்னும் உயிரோடிருக்கிறது.

எல்லாப் பக்கமும் சிவந்ததும் தீயைத் தணித்து, ஒரு பாத்திரத்தால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி வேகவிடலாம். ஓவன் உள்ளவர்கள் அதில் வைக்கலாம். எப்போது இறக்குவது என்பதைக் கடிகாரத்திடம் கேட்கக்கூடாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி வெப்பமானியை நடுப்பகுதி வரை குத்திப் பார்க்க வேண்டும். முழுத் துண்டுக்கு 63 டிகிரி, பிறகு குறைந்தது மூன்று நிமிட ஓய்வு என்பது அமெரிக்க வேளாண் துறையின் பாதுகாப்பு அளவு. கறியில் இருக்கக்கூடிய நாடாப்புழு லார்வாக்கள் பற்றிய கவலைக்கும் அந்த அளவு பதில் சொல்கிறது. தடித்த துண்டை 60இல் இறக்கினால் உள்சூடு இன்னும் சில டிகிரி தானாக ஏறும், பத்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து உறுதிசெய்யலாம். கொத்தின கறிக்கு இந்தச் சலுகை கிடையாது. மேற்பரப்பில் இருக்கும் கிருமி கொத்தும்போது உள்ளே கலந்துவிடும், 71 டிகிரி வரை வேகத்தான் வேண்டும்.

வெட்டும் முறையில் பாதி மென்மை இருக்கிறது. நார் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காக வெட்ட வேண்டும். அப்போது பல்லுக்குக் கிடைப்பது நீண்ட கயிறாக இராது, கத்தியே அதைத் துணுக்குகளாக்கியிருக்கும். சிறுவிரல் தடிமனில் வெட்டினால் 450 கிராமில் சுமார் இருபது வில்லை வரும். பலகையில் வடியும் சிவப்பு நீர் இரத்தமில்லை. தசையில் ஆக்சிஜனைத் தேக்கும் மயோகுளோபின் கலந்த சாறு அது.

வெந்தபின் பங்கு போடுவதன் முழு லாபமும் இந்தப் பலகையில் தெரியும். எந்த வீட்டிலும் எல்லோருக்கும் ஒரே பதம் பிடிக்காது. மகனுக்கு நடுவில் இளஞ்சிவப்பு வேண்டும், பாட்டிக்குச் சிவப்பைப் பார்த்தாலே ஆகாது. தலைக்கு ஒன்று முறையில் ஐந்து துண்டுக்கு ஐந்து நேரம் பார்த்தாக வேண்டும். ஒரே உருளையில் ஓரத்து வில்லைகள் நன்றாக வெந்திருக்கும், நடுவில்லைகள் இளசாக இருக்கும். அதுவும் போதாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும் வேறு வழி இருக்கிறது. கல்லில் ஒட்டியிருக்கும் பழுப்பில் வெங்காயம் வதக்கி, இடித்த மிளகும் கொஞ்சம் வினிகரும் தண்ணீரும் விட்டுக் கொதிக்கும்போது அவர்களுடைய வில்லைகளை அதில் போட்டு, சிவப்பு முழுதும் போகும்வரை புரட்டி எடுத்தால் போதும். அதே சாறு மற்றவர்களின் தட்டுக்கும் குழம்பாகும்.

யாருக்கு எவ்வளவு என்பதும் பலகையில்தான் தீர்மானமாக வேண்டும். வஞ்சிர மீன் வறுத்த அன்று நடுத்துண்டு யாருக்குப் போகும், வால்துண்டு யாருக்குப் போகும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணுக்குக் குழம்பும் முள்ளும் மிஞ்சும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இறைச்சியிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு கீரையிலும் பருப்பிலும் உள்ளதைவிட எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்தக் கறி அதிகம் தேவைப்படுபவரின் தட்டில் விழாமல் போவதைக் கூறு முறை தடுக்கும். பரிமாறுவதற்கு முன்பே ஐந்து தட்டை வரிசையாக வைத்து, தட்டுக்கு நான்கு வில்லை என்று, அவரவர் பதம் பார்த்து எல்லாத் தட்டிலும் எண்ணிப் போட்டுவிட வேண்டும். பசி அதிகமுள்ளவர் உருளைக்கிழங்கும் ரொட்டியும் கூட எடுத்துக்கொள்ளட்டும்.

மாட்டுக்கறி, எருமைக்கறி சாப்பிடாத வீடுகளும் இந்த அவையில் உண்டு. ஆட்டின் முதுகுப் பகுதியை எலும்பு நீக்கித் தடியாக வாங்கினாலும், பன்றியின் முதுகுக்கறியை முழுத் துண்டாக வாங்கினாலும் இதே முறைதான். ஆட்டுத் துண்டு இதைவிட மெல்லியது, ஆகவே சீக்கிரம் வேகும், வெப்பமானியை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். பன்றியை நம் ஊரில் முழுதாக வேகவைத்தே சாப்பிடுவது வழக்கம், அதற்கு 71 டிகிரி வரை விடலாம்.

மிச்சம் விழுந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், வெட்டாத துண்டாக இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் அதை மறுபடி கல்லில் போட்டு வாட்டினால் காய்ந்துவிடும். குளிர்ந்தபடியே காகிதம் போல மெல்லியதாகச் சீவி, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு பிசறிப் பாவ் ரொட்டிக்குள் வைத்தால் திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் தயார். இந்த வாரம் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "பாய், அண்டர்கட் நடுத்துண்டு அறுநூறு கிராம், சவ்வு எடுத்துடுங்க, வெட்டாம முழுசா குடுங்க."